எட்டு முறை மணி அடித்த மாதம்

ஒரு மனிதருக்கு ஒன்று நேரும்போது, அது அவருக்கென்றே நேர்ந்ததா, அல்லது யார்மேலாவது விழ வேண்டியது போகிற போக்கில் அவர்மேல் விழுந்ததா? இந்தக் கேள்வியை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்கள் பலர். மணியக்கா இதை ஓர் ஆலையின் வாசலில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று கேட்டார்.

மணியக்கா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரே மாதத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அதுதான் அவருடைய பெயர் என்றே நினைத்தார்கள். ஒருத்தி தன் கல்யாணப் பத்திரிகையின் மேலுறையில் அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், திருத்தவில்லை.

அந்த ஆலையில் கைபேசிக்கான கேமரா லென்ஸ்கள் செய்தார்கள். ஒரு லென்ஸ் மிளகைவிடச் சிறியது. நூறு லென்ஸை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வெளியே போய்விடலாம். வெளியே அதற்கு நல்ல விலை இருந்தது. அதனால் வேலை முடிந்து போகிறவர்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. நானூற்று நாற்பது பேரையும் சோதித்துக்கொண்டிருந்தால் யாரும் வீடு போய்ச் சேர முடியாது. எனவே வாசலில் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு பெட்டியை மாட்டி, பெட்டியில் ஒரு பொத்தான் வைத்தார்கள். போகிறவர் ஒவ்வொருவரும் அதை அழுத்த வேண்டும். பச்சை அம்பு எரிந்தால் நேரே போகலாம். மணி அடித்தால் பக்கத்து அறைக்குள் போய்ப் பையையும் உடம்பையும் காட்டிவிட்டுப் போக வேண்டும். பத்தில் ஒரு முறை மணி அடிக்கும்படி பெட்டிக்குள் ஏற்பாடு. யாருக்கு அடிக்கும் என்பது பெட்டிக்கே தெரியாது என்று, அதைக் கொண்டுவந்து மாட்டியவர்கள் சொன்னார்கள்.

நம்பியவர்கள் குறைவு. இடது கட்டைவிரலால் அழுத்தினால் அடிக்காது என்று ஒரு கட்சி இருந்தது. முன்னால் போனவருக்கு அடித்திருந்தால் அடுத்தவர் தைரியமாகப் போகலாம் என்று இன்னொரு கட்சி. அதனால் வரிசையில் யாருக்காவது மணி அடித்துவிட்டால், அவருக்கு அடுத்த இடத்துக்கு ஒரு சின்னத் தள்ளுமுள்ளு நடக்கும். காவலாளியின் மேசைக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறது, பிடிக்காத ஆள் வந்தால் காலால் மிதித்துவிடுகிறான் என்றது மூன்றாவது கட்சி. இவை எல்லாவற்றையும்விடப் பரவலான நம்பிக்கை ஒன்று உண்டு. அதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை: மணிக்குத் தெரியும். திருடிய கை தொட்டால் மணிக்குத் தெரிந்துவிடும்.

ஆலை ஊருக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வேன். வேலை முடிந்து சிறிது நேரத்தில் வேன்கள் கிளம்பிவிடும். சோதனை அறைக்குள் போனவர் வெளியே வருவதற்குள் வேன் போய்விடுவதும் உண்டு. போய்விட்டால், லாரிகள் போகும் சாலையோரமாக முக்கால் மணி நேர நடை.

மணியக்கா டயர்க்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தார். படி வெளிப்பக்கம். அறையில் ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, வீதியைப் பார்த்த ஒரு ஜன்னல். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேசைமேல் டம்ளர் நடுங்கும். கல்யாணம் ஆன மூன்றாம் வருடம் கணவர் கப்பலில் வேலைக்குப் போனார். முதலில் வாரம் ஒரு தரம் பேசினார், பிறகு மாதம் ஒரு தரம், பிறகு நிறுத்திவிட்டார். செத்துப்போனதாகத் தகவல் இல்லை. வேறு ஒரு துறைமுகத்தில் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அதற்கு முன்பே, சிறு வயதில், அப்பா நின்றுகொண்டிருந்த சுவர் மழைக்கு இடிந்து விழுந்தது. பத்துப் பேர் அந்தச் சுவரோரம் ஒதுங்கியிருந்தார்கள். ஒன்பது பேர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

வெளியூரில் இருந்த தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். எந்தப் பேச்சும் ஒரே இடத்தில் போய் முடியும்.

"உனக்கு மட்டும் ஏன்க்கா இப்படி?"

தங்கை அன்பாகத்தான் கேட்டாள். ஆனால் அன்பாகக் கேட்கப்படும் கேள்விக்குத்தான் பதில் சொல்லாமல் தப்பிக்க முடிவதில்லை. மணியக்கா தன் பங்குக்கு, "என்னமோ போ" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார்.

ஆலையில் அவருடைய வேலை, பார்ப்பது. ஒரு ட்ரேயில் நூறு லென்ஸ் வரும். கண்ணை மூடாத குறையாக, தேர்ந்தெடுக்காமல், அதிலிருந்து பத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கீறல் தேட வேண்டும். கீறல் ஒன்றிரண்டு வருவது சகஜம். வழக்கமாக வருவதைப் போல மூன்று மடங்கு வந்தால் அது சகஜம் இல்லை. முழு ட்ரேயும் சிவப்புத் தொட்டிக்குப் போகும், லைனை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்தபோது பதினோரு வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தார். திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். அந்த வேலைக்குத் திறமை தேவைப்படவில்லை. அலுக்காத கண்ணும், பத்துக்கு மேல் பதினொன்றாவதை எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குகிற கையும் போதும். அவை அவரிடம் இருந்தன.

பக்கத்து மேசையில் ஒரு பெண். பத்து வயது இளையவள். வாயில் முகக்கவசம் இருந்தபோதும் ஓயாமல் பேசுவாள். வேனில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்து, மணியக்கா வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வேன் சுற்றி வந்து ஆட்களை இறக்கிக்கொண்டே போகும்; அவள் பேச, இவர் கேட்க, இருபது நிமிடம் போய்விடும். மணியக்காவின் ஒரு நாளில் இன்னொரு மனிதரின் தோள் தன் தோளில் பட உட்கார்ந்திருப்பது அந்த இருபது நிமிடம்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து மேசைக்காரிக்கும் தெரியாது.

பிறகு அந்த மாதம் வந்தது.

முதல் வாரத்தில் இரண்டு முறை மணி அடித்தது. யாருக்கும் நடக்கும். இரண்டாவது வாரத்திலும் இரண்டு. "அக்கா, பொத்தானை வேற விரலால அழுத்துங்க" என்றாள் பக்கத்து மேசைக்காரி. மூன்றாவது வாரம், அடுத்தடுத்து இரண்டு நாள். சோதனை அறையில் இருந்த காவல்காரப் பெண்ணுக்கே சங்கடமாகிவிட்டது.

"மறுபடியும் நீங்கதானா?"

"நான்தான்."

"எனக்கே கை கூசுதுக்கா. பையைத் திறங்க. அதே டப்பா, அதே குடை, அதே சாவி."

"வேணும்னா நாளைக்கு வேற குடை கொண்டு வர்றேன்."

காவல்காரப் பெண் சிரித்தாள். வெளியே வந்தபோது, முந்தைய முறைகளைப் போலவே, வேன் போயிருந்தது.

அந்த மாதத்திலேயே உள்ளே இரண்டு ட்ரே காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வேனில் பேச்சு மாறியது. முதலில் கேலிதான். "மணியக்கா வந்தாச்சா?" என்று யாரோ பின்னிருக்கையிலிருந்து கேட்டார்; எல்லாரும் சிரித்தார்கள்; பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த முறை மணி அடித்தபோது சிரிப்பு குறைந்தது. கடைசி வாரத்தில் எட்டாவது முறை. அவர் சோதனை அறைப் பக்கம் திரும்பியபோது, வரிசையில் அவருக்கு அடுத்த இடத்துக்கு யாரும் முண்டியடிக்கவில்லை. ஓரடி தள்ளி நின்றார்கள்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. வேனில் ஏறினார். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. அவர் வந்து நின்ற பிறகும் பை அங்கேயே இருந்தது. பக்கத்து மேசைக்காரி ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆலையின் மதில் தவிர எதுவும் இல்லை.

மணியக்கா பின்னால் போய், உதிரி டயருக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தார்.

எட்டு என்ற எண்ணை அவர் தன் மேசையின் அளவுகோலால் அளந்தது அதன் பிறகுதான். வேலை நாள் இருபத்தைந்து. பத்துக்கு ஒன்று என்றால் வழக்கம் இரண்டரை. மூன்று மடங்கு ஏழரை. எட்டு அதற்கும் மேல். பதினோரு வருடமாக எந்த விதியை வைத்து ட்ரேக்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டாரோ, அந்த விதிப்படி இது தற்செயல் இல்லை. எங்கோ ஓர் இயந்திரம் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒருவர் மேசைக்கு அடியில் காலை வைத்திருக்கிறார். அந்த மேசையில் வேலை செய்த ஒருவருக்குத்தான் இந்தத் தவறு இவ்வளவு ஒழுங்காக வரும்.

தரப்பிரிவின் தலைவியை எல்லாரும் மேடம் என்றார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். மேசையில் டீ ஆறிக்கொண்டே இருக்கும், குடிக்க மறந்துவிடுவார். மணியக்கா உள்ளே போய் நின்றார்.

"மேடம், வாசல் மணியை நிறுத்திப் பாக்கணும்."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"வழக்கம் ரெண்டரை. எனக்கு எட்டு. மூணு மடங்குக்கு மேல. லென்ஸா இருந்தா நான் லைனை நிறுத்தியிருப்பேன்."

மேடம் சிரிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டலாம். அலுவலகத்தில் மற்ற இருவர் சிரித்தார்கள். மேடம் காகிதத்தை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். நேரம் ஆயிற்று. மணியக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்கக்கா. நீங்க சொல்றது பாதி சரி. ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துல எட்டோ அதுக்கு மேலயோ அடிக்கிறது ரொம்ப அபூர்வம். நானூத்தி நாப்பதுல ஒண்ணுன்னு வருது."

"அப்ப யாரோ பண்றாங்க."

"இருங்க. இங்க எத்தனை பேர் பொத்தானை அழுத்தறோம்?"

 மணியக்காவுக்கு எண்ணிக்கை தெரியும்.

"நானூத்தி நாப்பது பேர். அப்ப மாசத்துக்கு ஒருத்தருக்காவது இப்படி வர்றது சாதாரணம். வராமப் போனாக்கூட ஆச்சரியம் இல்ல, வந்தாலும் இல்ல. மாசம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, இந்த அக்காவுக்குத்தான் எட்டு வரும்னு யாராவது சொல்லியிருந்தா, நான் இன்னிக்கே அந்தப் பெட்டியைப் பிரிச்சிருப்பேன். யாரும் சொல்லல. வந்த பிறகு நீங்க உங்களைப் பாக்கறீங்க."

"நான் என்னைத்தானே பாக்க முடியும்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது சரிதான்."

"ஏன் நான்னு கேட்டா?"

"கேக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லக்கா. யாரோ ஒருத்தர். அது நீங்க."

மணியக்கா வேறொன்றைக் கேட்டார். "அப்ப நான் சிவப்புத் தொட்டியில போட்டது? எத்தனை ட்ரே பாத்திருப்பேன். அதுலயும் சும்மா வந்தது இருக்குமா?"

"இருக்கும். நல்ல ட்ரேயும் சில நேரம் போயிடும். தெரிஞ்சேதான் போடறோம். எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பாக்க நேரம் இல்ல. லென்ஸ்தானே, போகட்டும்னு விட்டுடறோம்."

"லென்ஸ்தான்" என்றார் மணியக்கா.

மேடம் ஒரு வழி சொன்னார். பழைய மாதத்தை விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே பார்த்துவிட்டதை வைத்துச் சந்தேகத்தை எழுப்பலாம், தீர்க்க முடியாது. வருகிற மாதத்தை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, எண்ண வேண்டும். அதிலும் ஏழெட்டு வந்தால் அவரே நிர்வாகத்திடம் போய்ப் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார். வழக்கத்தை ஒட்டி வந்தால், போன மாதம் வெறும் மாதம். இதை எல்லாரும் கூடும் காலை நேரத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். பக்கத்து மேசைக்காரி கையுறையை மாட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

அந்த மாதம் மணியக்கா எதற்காகக் காத்திருந்தார் என்பது ஆலைக்கே தெரியும்: தன் பெயர் திரும்பி வர வேண்டும், பெயரோடு ஜன்னலுக்கு அடுத்த இருக்கையும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது தெரியாது. பின்னாளில் தங்கை சொல்லித்தான் வெளியே வந்தது.

ஆலையில் போட்டுக் கழித்த பழைய கோட்டிலிருந்து ஒன்பது வெள்ளைப் பொத்தான்களையும் வேறெதிலிருந்தோ ஒரு கறுப்புப் பொத்தானையும் வெட்டி எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டார். பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுப்பார். திரும்பப் போட்டுக் குலுக்குவார். இருபத்தைந்து முறை எடுத்தால் ஒரு மாதம். கறுப்பு வந்தால் மணி. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட, மேலே இவர் ஆட்களின் மாதங்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆமாம், ஆட்களின். வெறுமனே எடுக்க அவருக்கு வரவில்லை. வேனில் உட்காரும் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம். டிரைவருக்கு மூன்று. பக்கத்து மேசைக்காரிக்கு இரண்டு. மேடத்துக்கு நான்கு. தனக்கு எடுத்துப் பார்த்தார்: ஒன்றுகூட இல்லை. இரண்டாவது ஞாயிறு வேன் ஆட்கள் தீர்ந்து, லைன் ஆட்கள். மூன்றாவது ஞாயிறு, கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவருக்கு ஏழு வந்தது.

அந்த மனிதரோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் தட்டை வைக்கப் போனபோது நின்று பார்த்தார்.

"என்னக்கா, தட்டுல ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, இந்த அம்மா போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். அவருக்கு எதுவும் நேரவில்லை. நேராது என்பது மணியக்காவுக்கும் தெரியும். பையில் கைவிட்டு எடுத்த பொத்தானுக்கும் பாத்திரம் கழுவும் மனிதருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த ஏழு மற்றவர்களின் இரண்டு, மூன்றைப் போலத்தான் வந்தது என்பதை அவருடைய கையே பார்த்துவிட்டது. குலுக்கியதில் வித்தியாசம் இல்லை, எடுத்ததில் வித்தியாசம் இல்லை. சொல்லிக் கேட்பதைவிட இது கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

வாசலில், எண்ணப்பட்ட அந்த மாதம், நான்கு முறை மணி அடித்தது. அந்த நான்கு நாளும் நடந்தே போனார்.

"பாத்தியா, மறுபடியும் நாலு" என்றது வேன். "ரெண்டரைதானே வழக்கம்?" என்றார் முன் மாதம் வரை கணக்கே தெரியாத ஒருவர்.

எண்ணிக்கையின் கடைசி நாளில்தான் அது நடந்தது. மணியக்காவுக்குப் பச்சை அம்பு. வேனில் ஏறி உதிரி டயர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவரைத் தவிர எல்லாரும் வந்தாயிற்று. டிரைவர் சாவியைத் திருகினார். வாசலில் மணி அடித்தது.

"யாரு?"

"ஸ்டோர் மாமா."

டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

ஸ்டோர் மாமா சாமான் அறையில் வேலை செய்தவர். ஆலை முழுக்க மாமாதான். அவருடைய முதலாளிக்கும் மாமா. வேனில் ஒருவர் பாட்டு முணுமுணுத்தார். இன்னொருவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றுக்கு விட்டார். பொட்டலம் உதிரி டயர்வரை வந்து, திரும்பிப் போயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மாமா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

"என்ன மாமா, அகப்பட்டதா ஏதாவது?"

"எங்கடா. என்கிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு அவனுக்கே தெரியும். தினம் தேடறானே, ஒரு நாளாவது பாவம்னு பாக்கெட்ல ஏதாவது வச்சு அனுப்பலாம்ல?"

வேன் குலுங்கிச் சிரித்தது. டிரைவர் திரும்பி, "மாமா, உங்களால என் டீ ஆறிப்போகுது, இந்த வாரத்துல இது ரெண்டாவது" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

மணியக்கா பின்னாலிருந்து கேட்டார். "மாமா, இந்த மாசம் உங்களுக்கு எத்தனை தடவை அடிச்சுது?"

"அதை யாரும்மா எண்ணிக்கிட்டு இருக்கா? ஆறோ ஏழோ இருக்கும்."

சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. பிறகு யாரோ வேறு பேச்சை எடுத்தார்கள்.

மறுநாள் மேடத்தின் அறையில் முடிவு. வாசலிலிருந்து எல்லாருடைய எண்ணிக்கையையும் வாங்கி வைத்திருந்தார்.

"நாலுங்கறது ஒண்ணுமே இல்லக்கா. நாலு பேரை நிறுத்தினா அதுல கிட்டத்தட்ட ஒருத்தருக்கு அவ்வளவு வந்திருக்கும். பெட்டி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. யாரும் மிதிக்கல. போன மாசம் உங்களுக்கு வந்தது தற்செயல்."

"ஸ்டோர் மாமாவுக்கு?"

மேடம் தாளைப் பார்த்தார். "ஏழு. அது நூத்துல ஒருத்தருக்கு வரும். நம்ம கூட்டத்துல மாசம் நாலு பேருக்கு வரலாம். அவரும் புகார் பண்ணினாரா?"

"இல்ல. அவருக்குத் தெரியவே தெரியாது."

"பாருங்க, அவ்வளவுதான் விஷயம். அவர் எண்ணல, நீங்க எண்ணினீங்க."

மணியக்கா எழுந்திருக்கவில்லை. மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேன் எத்தனை தடவை நின்னுதுன்னு கணக்கு இருக்கா மேடம்?"

"வேனா? அது எதுக்கு?"

"சும்மாதான்."

மணி அவருக்கு எட்டு முறை அடித்ததும் மாமாவுக்கு ஏழு முறை அடித்ததும் ஒரே பையிலிருந்து வந்தவை. அதற்குக் காரணம் தேடுவதில் அர்த்தம் இல்லை என்று இப்போது அவருக்குத் தெரியும். வேன் ஏழு முறை நின்றதும், எட்டு முறை நிற்காமல் போனதும் எந்தப் பையிலிருந்தும் வரவில்லை. அங்கே குலுக்கல் நடக்கவில்லை. அதிலும் தீமை நினைத்துச் செய்தவர் ஒருவரும் இல்லை என்பதுதான் கடினம். டிரைவருக்கு அவர்மேல் கோபம் கிடையாது. மாமா என்றதும் கை தானாக இன்ஜினை அணைத்தது. இவர் என்றபோது அணைக்கவில்லை. மேசைக்கு அடியில் ஒருவன் காலை வைத்திருந்தால்கூட, ஒருவனாவது தன்னை நினைத்தான் என்று இருந்திருக்கும். தற்செயல் என்ற சொல்லை ஆறுதலுக்குச் சொல்கிறோம். குற்றத்திலிருந்து அது விடுவிக்கிறது, உண்மை. கூடவே, யாருடைய நினைவிலிருந்தும் விடுவித்துவிடுகிறது.

மறுநாள் காலை மேடம் எல்லார் முன்னாலும் சொன்னார். நன்றாகவே சொன்னார். மணிக்கு எதுவும் தெரியாது, எவர்மேலும் கண் இல்லை, ஏழும் எட்டும் யாருக்காவது வரத்தான் செய்யும், போன மாதம் இந்த அக்கா, இந்த மாதம் மாமா, அடுத்த மாதம் நீங்களாக இருக்கலாம் என்றார். மாமா கையைத் தூக்கி, "அடுத்த மாசமும் நானே வச்சுக்கறேன், பழகிப்போச்சு" என்றார். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சிலர் மணியக்கா பக்கம் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வெட்கப்பட்டார்கள் என்றே நினைக்கிறேன். வெட்கப்படத் தெரிந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மேலும் சொல்ல எதுவுமில்லை.

பக்கத்து மேசைக்காரி அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கடைசியில் சொன்னாள்.

"அக்கா."

"ம்."

"என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. ட்ரே காணாமப் போயிருக்கு, நீ எதுக்கு அவங்ககூட ஒட்டிக்கிட்டுன்னு. எனக்கும் பயமா இருந்துச்சு."

"இருக்காதா பின்ன."

"இன்னிக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன். டிரைவர் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே உங்களுக்கு மணி அடிச்சாலும் நிப்பாட்டி வைப்பாரு."

"உன் பையனுக்குப் பல்வலி தேவலாமா?"

"பிடுங்கியாச்சு. அக்கா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுடி."

சாயங்காலம் வரிசையில் நின்றார். பொத்தானை அழுத்தினார். பச்சை அம்பு. காவலாளி வணக்கம் சொன்னான். வழக்கமாகச் சொல்கிறவன் இல்லை. வேனின் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் பக்கத்து மேசைக்காரி, அடுத்த இருக்கையில் சாப்பாட்டுப் பை. மணியக்காவைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையைக் கையால் ஒரு தரம் துடைத்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். மாமா, "வாம்மா, ஏறு" என்றார்.

மணியக்கா படியின் பக்கத்துக் கம்பியைப் பிடித்தார். உள்ளே எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். மாமா ஏறும்போது யாரும் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு காலைப் படியில் வைத்திருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், வைக்கவில்லை என்றும் சிலர்.

"நீங்க கிளம்புங்க அண்ணே" என்றார்.

"ஏம்மா, ஏதாவது மறந்துட்டீங்களா? எடுத்துட்டு வாங்க, நிக்கறேன்."

"மறக்கல. நீங்க கிளம்புங்க."

கம்பியை விட்டுவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பி நடந்தார். மறுநாளும் அப்படியே. ஓய்வு பெறும்வரை, ஏழு வருடம், வேனில் அவர் ஏறவில்லை. கோபம் என்றார்கள், ஆனால் பக்கத்து மேசைக்காரியின் பேச்சை அவர் முன்போலவே கேட்டார், அவள் பையனின் பள்ளிக்கு ஒருமுறை லீவு போட்டுவிட்டுப் போனார். வீம்பு என்றார்கள், மழை நாளில் மாமா குடையை நீட்டினால் வாங்கிக்கொள்வார். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்றுகூட ஒருவர் சொன்னார். பக்கத்து மேசைக்காரி நேராகவும் சுற்றியும் பல முறை கேட்டாள். தங்கை கேட்டாள். பதில் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கேள்வியை ஒரு பொருளைப் போல வாங்கி எங்கோ வைத்துவிடுவார்.

மாலைகளில் லாரிகளுக்கு ஒதுங்கி, சாலையின் ஓரமாக நடந்துகொண்டிருப்பார். பின்னாலிருந்து வேன் வரும். டிரைவர் அவர் அருகில் வேகத்தைக் குறைப்பார். மணியக்கா திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தி, போகச் சொல்வார்.